விசைப்பலகைக்கு முன் எழுத்து

குன்னூரிலோ உதகையிலோ இன்று வாங்கும் கணினியில் ஜப்பானிய மொழியில் எழுதத் தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளைத் திறந்து மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைச் சேர்த்தால் எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் இறங்கிவிடும். சில நிமிடங்களில் டோக்கியோவில் இருப்பவர் எழுதுவதைப் போலவே எழுதலாம். அதே கடைத்தெருவில் நாள் முழுக்கக் காதில் விழுகிற படுகு மொழியை எழுத எந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இப்படி நேரான விடை இல்லை. தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகளுக்கும் இதே நிலைதான். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எண்ணிக்கை. ஜப்பானியத்தைப் பேசுவோர் பன்னிரண்டு கோடிப் பேர், அவர்களிடம் பணமும் தொழில்நுட்பமும் இருக்கின்றன, நீலகிரி மலையின் சிறிய மொழிகளுக்காக எந்த நிறுவனம் மெனக்கெடும் என்பார்கள். இது பாதி உண்மை. ஒரு மொழி பொறிக்குள் நுழைந்த வரலாற்றை எங்கே எடுத்துப் பார்த்தாலும் விசைப்பலகை கடைசியில்தான் வந்திருக்கிறது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று அந்த மொழிக்காரர்கள் தங்களுக்குள் முடிவு செய்தது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. நீலகிரியின் மொழிகளில் முடியாமல் நிற்பது அந்த முதல் வேலை.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். பொதுவாகக் கானா எனப்படும், ஒலியை அசை அசையாகக் காட்டும் ஹிராகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளும், சீனத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கான்ஜிகளும் கலந்து வருவது அந்த எழுத்து. 1915-ல் கியோட்டா சுகிமோட்டோ உருவாக்கிய ஜப்பானியத் தட்டச்சுப் பொறியில் நமக்குத் தெரிந்த விசைப்பலகையே கிடையாது. சுமார் 2,400 அச்செழுத்துகளைத் தட்டில் பரப்பி வைத்து, வேண்டியதை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டும். போருக்குப் பின் 1946-ல் அரசு பொதுப் பயன்பாட்டுக்கென 1,850 கான்ஜிகளை வரையறுத்தது. கானாவின் எழுத்துக்கூட்டலையும் பேச்சுக்கு நெருக்கமாகத் திருத்தியது. 1978-ன் தொடக்கத்தில் 6,349 கான்ஜிகள் உள்ளிட்ட 6,802 குறிகளுக்கு எண் கொடுத்து ஒரு தேசியத் தரம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தோஷிபா நிறுவனம் முதல் ஜப்பானியச் சொற்செயலியை 63 லட்சம் யென் விலையில் அறிவித்தது. இன்றைய கணினி செய்வது அதன் தொடர்ச்சி. ரோமன் விசைகளில் 'ஹஷி' என்று அடித்தால் திரையில் முதலில் கானா எழுத்து வரும். இடைவெளி விசையைத் தட்டினால் பாலம், சாப்பிடும் குச்சி, ஓரம் என்று அந்த ஒலிக்குரிய சொற்களின் கான்ஜிகள் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தேர்ந்து உறுதி செய்ய வேண்டியதுதான். பார்ப்பவருக்கு இது பொறியின் திறமையாகத் தெரியும். ஆனால் எந்தச் சொல்லைக் கானாவில் எப்படி எழுதுவது என்பதில் நாடு முழுவதும் ஒரே வழக்கம் இருந்ததால்தான் அந்தக் கானாவை வைத்து அகராதியில் தேடப் பொறியால் முடிந்தது.

தமிழும் இந்த வரிசையில்தான் நடந்து வந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, ஆங்கிலப் பொறியின் விசைகளுக்குள் உயிர்மெய் வரிசை முழுவதையும் அடக்க, எழுத்தின் மேல் விழும் குறிகளுக்கு நகராத விசைகளை வைத்தார். பெரியார் 1935-லேயே குடிஅரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது, ணை, லை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் அச்சுக்கூடத்திலிருந்து மெல்ல விலகின. 1980-களிலும் 90-களிலும் கனடாவில் ஆதமி, மலேசியாவில் முரசு, சுவிட்சர்லாந்தில் மயிலை எழுத்துரு என்று தமிழர்கள் வாழ்ந்த இடங்களிலெல்லாம் தமிழைக் கணினிக்குக் கொண்டுவர உழைத்தார்கள். அந்த உழைப்பு பெரியது. ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துக்குத் தனித்தனி எண் கொடுத்ததால், ஒரு கணினியில் அடித்த கடிதம் இன்னொன்றில் வெறும் குறிக் குப்பையாகத் திறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு இதை முன்வைத்துத்தான் கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் பொதுக் குறியேற்றங்களும் அதன் விளைவு. தமிழ்99-ல் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டு போதும்; ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதில் தமிழ் படித்த எவருக்கும் ஐயம் இல்லாததால்தான் அந்த விதியைப் பொறியிடம் ஒப்படைக்க முடிந்தது. பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவலானதும் குறியேற்றக் குழப்பமும் பெரும்பாலும் தீர்ந்தது.

நீலகிரியில் எழுத்து இல்லாமல் போனது முயற்சி இல்லாததால் அல்ல. 1840-களில் கேத்திப் பள்ளத்தாக்கில் நிலைகொண்ட பாசல் மிஷன் பாதிரிகள் படுகரிடையே பணி செய்தார்கள். மிஷனின் அச்சகம் மங்களூரில் இருந்தது. படுகு, கன்னடத்துக்கு நெருங்கிய மொழி. ஆகவே 1890-ல் அந்த அச்சகத்தில் வெளியான படுகு கிறிஸ்தவ நூல் கன்னட எழுத்தில் வந்தது இயல்பானது. பின்னாளில் திருக்குறளை ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் உதகையில் பள்ளி நடத்தியவர். தோடர் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணச் சுருக்கம், 1873-ல் வெளிவந்த வில்லியம் மார்ஷலின் தோடர் பற்றிய நூலில் இடம்பெற்றது. அதில் தோடர் சொற்கள் ரோமன் எழுத்தில் உள்ளன. 1930-களின் நடுவில் மலைக்கு வந்த மொழியியலாளர் எம்.பி. எமனோ கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். 1944 முதல் வெளிவந்த கோத்தர் பனுவல்கள், 1971-ல் வந்த தோடர் பாடல் தொகுப்பு, 1984-ல் வந்த தோடர் இலக்கணம் எல்லாமே மேலும் கீழும் குறியிட்ட ரோமன் எழுத்தில்தான். பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியான் பிலோ-ரைச்சூரும் 1992-ல் வெளியிட்ட படுகு-ஆங்கில அகராதியும் அப்படியே. இதற்கிடையில் மாவட்டம் சென்னை மாகாணத்திலும் பிறகு தமிழ்நாட்டிலும் இருந்ததால் பள்ளியில் தமிழ் எழுத்து வேரூன்றியது. ஆக, மதத்துக்குக் கன்னடம், ஆராய்ச்சிக்கு ரோமன், பள்ளிக்குத் தமிழ் என்று மூன்று எழுத்துகள் மலையேறின. மூன்றையும் கொண்டுவந்தவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்றதைத் தேர்ந்தார்கள். பேசுகிற மக்கள் கூடி உட்கார்ந்து, எங்கள் மொழிக்கு இதுதான் என்று அனைவரும் ஏற்கும்படி முடிவெடுக்கும் வாய்ப்பு மட்டும் அமையவில்லை.

முடிவெடுப்பது எளிதும் அல்ல. எமனோ 1939-ல் படுகு உயிரொலிகளைப் பற்றி எழுதிய கட்டுரை மொழியியலில் பெயர் பெற்றது. நாவை வளைத்துச் சொல்லும் உயிரொலிகள் படுகில் இருப்பதையும், அந்த வளைவில் இரண்டு நிலைகள் உண்டு என்பதையும் அவர் காட்டினார். மூன்று சொற்களைப் பார்த்தால் இது விளங்கும். தமிழ் எழுத்தில் மூன்றையும் 'பே' என்றுதான் எழுத வரும். நா வளையாமல் சொன்னால் வாய்; சற்றே வளைத்துச் சொன்னால் வளையல்; நன்றாக வளைத்துச் சொன்னால் விளைச்சல். தமிழ் தெரிந்தவருக்கு இதன் வரலாறு கண்முன் நிற்கும். வளை, விளை என்ற சொற்களில் நாம் இன்றும் ஒலிக்கிற ளகரம் படுகில் தனி மெய்யாக நிற்காமல், பக்கத்து உயிருக்குள் கரைந்து தன் வளைவை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறது. தோடர் மொழி இன்னும் கடினம். நா அதிரும் ரகரம் அதில் மூன்று இடங்களில் பிறக்கிறது என்பதை 1996-ல் சினிசா ஸ்பாயிச், பீட்டர் லேடிஃபோகெட், பெரி பாஸ்கரராவ் மூவரும் கருவிகளால் அளந்து வெளியிட்டார்கள். நம்மிடம் இருப்பதோ ர, ற என்ற இரண்டு எழுத்து. சகரத்தின் உறவான உரசொலிகளும், குரலில்லாத லகர ளகரங்களும் தோடரில் தனித்தனி ஒலிகள். தமிழ் எழுத்தை அப்படியே எடுத்துப் போர்த்தினால் இவற்றில் பல மறைந்துவிடும்.

மறைந்தால் என்ன, படிக்கிறவருக்குத் தன் மொழி தெரியுமே, இடம் பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொள்வாரே என்று கேட்கலாம். தமிழே அப்படித்தானே என்றும் சொல்லலாம். 'அன்பு' என்ற சொல்லில் பகரம் மெலிந்து ஒலிப்பதை எழுத்து காட்டுவதில்லை. காட்டத் தேவையும் இல்லை. மூக்கொலிக்குப் பின் அது மெலியும் என்பது தமிழின் விதி. ஆனால் படுகில் சொல்லின் முதலிலேயே வன்மையும் மென்மையும் வேறு வேறு சொற்களைத் தருகின்றன. அங்கே இடத்தை வைத்து ஊகிக்க வழியில்லை. தமிழ் வரலாறும் இந்த வாதத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் நம் முன்னோர் இடம் பார்த்துத்தான் படித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றைப் பிரித்துக் காட்டும் வடிவங்களை வகுத்தார். அச்சு பரவியதும் அவை நிலைத்தன. இன்று அந்தப் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஊகித்துப் படிப்பது மொழியை ஏற்கெனவே நன்றாக அறிந்தவருக்கே கைவரும். கோவையிலும் பெங்களூரிலும் வளர்கிற படுகர் வீட்டுக் குழந்தைக்கு எழுத்துதான் ஒலியைச் சொல்லித்தர வேண்டும். நா வளையும் உயிரொலிகள் இன்றைய பேச்சில் பலரிடம் மங்கியிருப்பதாக மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். அதனாலேயே அவற்றை எழுத்தில் காட்டுவதா விடுவதா என்பதைப் பேசுகிறவர்கள் தெரிந்து முடிவு செய்ய வேண்டும். எழுத்தில் இடமில்லாததால் தானாக விட்டுப்போகக் கூடாது.

ரோமன் எழுத்து கையில் இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. கைப்பேசியில் படுகு பேச்சை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவது இளைஞர்களுக்குப் பழகிய வழி. ஜப்பானியரும் ரோமன் விசைகளைத்தானே தட்டுகிறார்கள் என்றும் கேட்கலாம். அவர்கள் ரோமன் விசையைத் தட்டுவது வாசலில் நுழைவதற்காக. நுழைந்ததும் சொல் கானாவாகி, கான்ஜியாகி, தன் உருவத்தில் நிற்கிறது. நம்மிடையே ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தமிழ் அடிப்பவரும் அதையே செய்கிறார். படுகில் அந்த வாசலைத் தாண்டினால் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. ஒரே சொல்லை ஒருவர் ஒரு எழுத்தாலும் அடுத்தவர் இரண்டு எழுத்தாலும் எழுதுவார். நெடிலைக் காட்டுவது அவரவர் விருப்பம். அன்றைய அரட்டைக்கு இது போதும். ஆனால் இந்த எழுத்துக்கூட்டலுக்கு அகராதி இல்லை, பிழைதிருத்தி இல்லை, ஒரு பாட்டின் முதல் சொல்லை அடித்துத் தேடினால் கிடைக்காது. பாடலும் பழமொழியும் கைப்பேசிகளில் குவிந்தும் எதுவும் தேடி எடுக்கும்படி சேராது.

தமிழும் வேண்டாம், ரோமனும் வேண்டாம், எங்களுக்கென்று தனி எழுத்தே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. படுகுக்குப் புதிய வரிவடிவங்களை உருவாக்கியவர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் தோன்றியிருக்கிறார்கள். அதன் பின்னுள்ள மானத்தை நான் மதிக்கிறேன். 1925-ல் ரகுநாத் முர்மு சந்தாலி மொழிக்கு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து இன்று ஒரு பெரிய சமூகத்தின் அடையாளம். ஆனால் அது யூனிகோடில் இடம்பெற்றது 2008-ல்; இடையில் 83 ஆண்டுகள், லட்சக்கணக்கானோரின் இயக்கம். அதே 2008-ல் யூனிகோடில் இடம்பெற்ற சௌராஷ்டிர எழுத்து நமக்கு இன்னும் பக்கத்துச் சான்று. மதுரையில் வாழும் அந்தச் சமூகத்தில் தனி எழுத்து அறிந்தோர் சிலர். தமிழ் எழுத்தோடு சிறு எண்களைச் சேர்த்து மெல்லொலியையும் மூச்சொலியையும் காட்டும் முறையில் படிப்போர் பலர். புதிய எழுத்தை ரோமன் எழுத்தின் எண்களில் ஏற்றி ஓர் எழுத்துருவாக வெளியிட்டால், 1990-களில் தமிழ் பட்ட பாட்டைப் படுகு மறுபடியும் படும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தனி எழுத்து வேண்டுமென்று சமூகம் முழுமனதோடு தீர்மானித்தால் அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்கான காலமும் ஒற்றுமையும் எவ்வளவு தேவை என்பதைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும்.

என் கருத்தில், பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளியில் கற்கும் தமிழ் எழுத்தைக் குறிகளால் விரித்துக்கொள்வதே குறுகிய வழி. கன்னட எழுத்து படுகுக்கு இன்னும் பொருந்தும் என்பது உண்மை. பகரத்தின் மென்மையும் ஹகரமும் அதில் தனியாக இருக்கின்றன. ஆனால் மலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ் எழுத்தில் புதுக் குறி சேர்ப்பது தமிழைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சுவார்கள். 2010-ல் கிரந்த எழுத்துகளைத் தமிழோடு யூனிகோடில் சேர்க்கும் முன்மொழிவுகள் வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அது தமிழை எழுதும் முறையைத் தொட்டது. இங்கே கேட்பது வேறு மொழிகளை எழுத. தமிழ் இலக்கணமோ பாடநூலோ இதனால் ஓர் எழுத்தும் மாறாது. 2014-ல் கிரந்தம் யூனிகோடில் தனிப் பகுதியாக வந்தது. 2018-ல் அந்தப் பகுதியில் எழுத்தின் கீழே இடும் ஒற்றைப் புள்ளி ஒன்று சேர்ந்தது. தமிழ் எழுத்தோடு சேர்த்து இருளர் மொழி போன்றவற்றை எழுதப் பயன்படுவது அது. ஜப்பானும் இதைச் செய்திருக்கிறது. வடக்கே ஹொக்கைடோவில் வாழும் ஐனு மக்களின் மொழியில் சொற்கள் க், ம், ர் என்று மெய்யில் முடியும். கானாவுக்கு அது வராது. எனவே கத்தகானா எழுத்துகளைச் சிறிதாக்கி ஈற்று மெய்யைக் காட்டும் வழக்கம் உருவானது. 2000-ல் ஜப்பானியத் தரத்திலும் 2002-ல் யூனிகோடிலும் அந்தச் சிற்றெழுத்துகள் ஏறின. ஜப்பானியத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஐனுவைச் சொன்னதும் மிகக் கடினமான மறுப்பு எழும். எழுத்துகள் கணினிக்கு வந்தபோது ஐனுவைத் தாய்மொழியாகப் பேசியோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள். பிறகு எழுத்து வந்து என்ன பயன்? எழுத்து மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றாது என்பதை இது காட்டுகிறது. வீட்டில் பேசாத மொழியை விசைப்பலகை பேச வைக்காது. ஆனால் தாமதத்துக்கு என்ன விலை என்பதையும் இதே சான்று காட்டுகிறது. படுகைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் 1,33,550 பேர்; கணக்கெடுப்பு அவர்களைக் கன்னடத்தின் கீழ் வைத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயரைக் கணக்கெடுப்பு தனியே வெளியிடுவதில்லை என்பதால் தோடரும் கோத்தரும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத மொழி இன்றும் தோடர் ஊர்களான மந்துகளிலும் கோத்தர் ஊர்களான கோக்கால்களிலும் பேசப்படுகிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் சமூக வானொலி மலை மக்களின் மொழிகளை ஒலிபரப்புகிறது. பேசுவோர் இருக்கும்போது எடுக்கும் முடிவைப் பேசுவோரே திருத்தலாம். அவர்கள் போன பிறகு ஆராய்ச்சியாளர்கள்தான் எமனோவின் ஏடுகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நீலகிரியில் வேலையின் வரிசை தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு மொழியிலும் பெரியவர்கள், பாடகர்கள், ஆசிரியர்கள், கைப்பேசியிலேயே எழுதும் இளையோர் ஆகியோர் மொழியியலாளருடன் உட்கார்ந்து, எந்த ஒலி வேறுபாடுகளைக் காட்டுவது, எந்தக் குறியால் காட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் அவர்களைக் கூட்டும் இடமாகலாம். தீர்ப்புச் சொல்லும் இடமாக அது இருக்கக் கூடாது. தீர்மானித்ததை ஒரு சிறு வாசிப்பு நூலிலும் சொற்பட்டியலிலும் ஓரிரு ஆண்டுகள் சோதித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகு வரும் வேலைதான் விசைப்பலகை. இலவசக் கருவிகள் இருக்கிற இன்றைய நிலையில் அதைப் பயிற்சியுள்ள ஒருவர் சில வாரங்களில் முடித்துவிடுவார். ஜப்பான் கான்ஜியை வரையறுத்ததிலிருந்து சொற்செயலிக்கு வர 32 ஆண்டுகள் ஆயின. தமிழ் முத்தையாவிலிருந்து தமிழ்99-க்கு வர அதைவிடக் கூடுதலாக ஆனது. அந்த நெடும்பாதையில் பொறிக்காகச் செலவான காலத்தை நீலகிரி மொழிகள் செலவிட வேண்டியதில்லை, அதை மற்றவர்கள் செலவிட்டு முடித்துவிட்டார்கள். மீதி இருப்பது பேசுகிறவர்களின் முடிவு. அதை அவர்கள் எடுக்க இடமும் மதிப்பும் கொடுப்பது, அவர்களோடு ஒரே மாநிலத்தில் வாழ்ந்து, எழுத்துக்காக இத்தனை போராடிய தமிழருக்கும் உள்ள கடமை.